எல்போ பூட்டும்போது கவனிக்க வேண்டியவை



லயத்துத் தண்ணீர்க் குழாய் நேராகப் போகிற இடத்தில் சும்மா கசியாது. மரை இருக்கிற இடத்தில்தான் கசியும். அதிலும் குழாய் திரும்புகிற மூலையில் பூட்டும் எல்போதான் கூடுதலாகத் தொந்தரவு கொடுக்கும்.

ஒழுகுகிற இடத்தில் ஒரு லீட்டர் போத்தலைப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் அது நிறைந்தால், தண்ணீர் விடுகிற ஒவ்வொரு மணித்தியாலமும் 60 லீட்டர் வீண். கடைசிக் காம்பராக்காரருக்கு அது மூன்று நான்கு குடம். தண்ணீர் நிறுத்தியிருக்கிற நேரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கீழே யாராவது பைப்பைத் திறந்தால், மேலே உள்ள கசிவு வழியாகக் கான் தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் வர அதுவும் ஒரு வழி. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டுவது ஒரு நாளைக்குச் சரி, அதைத் திருத்தம் என்று நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

எல்போ வாங்கப் போகும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டு போங்கள். அரை அங்குலம் என்பது குழாயின் பெயர்தான். இரும்புக் குழாயை வெளிப்பக்கம் அளந்தால் சுமார் 21 மில்லிமீற்றர் வரும். முக்கால் அங்குலம் என்றால் சுமார் 27. நாம் பாவிப்பது பிரிட்டிஷ் மரை. அமெரிக்க மரை போட்ட அரை அங்குல எல்போவிலும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஆகவே கையால் சுற்றும்போது பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் மரையின் கோணம் இதில் 55 பாகை, அதில் 60. இரண்டும் சரியாக உட்காராது. முழுசாகக் கையால் சுற்றிப் பார்த்து வாங்குவதே நல்லது.

நமது மலைப் பக்கத்தில் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். தொட்டியிலிருந்து 10 மீற்றர் இறங்கினால் சுமார் ஒரு பார் அழுத்தம். லயம் 60 மீற்றர் கீழே இருந்தால் 6 பார். இரவில் எல்லாப் பைப்பும் மூடியிருக்கும்போது அந்த முழு அழுத்தமும் எல்போவில் நிற்கும். அப்படியான இடத்துக்கு நாகம் பூசிய இரும்பு எல்போவே நல்லது. பீ.வி.சி. எல்போவுக்குள் இரும்பு மரையை முறுக்கி ஏற்ற வேண்டாம். ஆப்பு அடித்த விறகு மாதிரிப் பிளந்துவிடும். பைப் பூட்டுகிற இடத்துக்குப் பித்தளை மரை பதித்த பீ.வி.சி. எல்போ இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இனிப் பூட்டுகிற விதம். முதலில் வால்வை மூடுங்கள். பிரதான குழாய் என்றால் நீங்களாகக் கை வைக்காமல் ஆபீஸுக்குச் சொல்லுங்கள். வெட்டிய குழாயின் உள் விளிம்பில் நிற்கிற பிசிறை அராவி, பழைய டேப்பையும் துருவையும் தேய்த்து எடுங்கள். குழாய் முனை உங்களைப் பார்க்கிற மாதிரி வைத்து, மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கமாக வெள்ளை டேப்பை நான்கைந்து சுற்று இழுத்துச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் எல்போ ஏறும்போது டேப் அவிழ்ந்து வந்துவிடும். முதல் மரையை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் டேப் துண்டு உள்ளே போய் பைப்பை அடைக்கும்.

கையால் ஏறுகிற மட்டும் ஏற்றி, அப்புறம் ரெஞ்சினால் ஒன்றரை, இரண்டு சுற்று. இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். எல்போவின் வாய் வேண்டிய பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டால் பின்னுக்குத் திருப்புவார்கள். இரும்பில் அப்படிச் செய்தால் மரையில் இறுகிய டேப் தளர்ந்து அன்றைக்கே கசியும். இன்னும் கொஞ்சம் முன்னுக்கு முறுக்கி வாயைச் சரிப்படுத்துங்கள். இடம் கொடுக்காவிட்டால் கழற்றி, புது டேப் சுற்றித் திரும்பப் பூட்டுங்கள். ரெஞ்சுக்குப் பைப் துண்டு மாட்டிப் பலம் கொடுக்க வேண்டாம், எல்போ வெடிக்கும்.

இரண்டு எல்போவுக்கு நடுவில் ஒரு யூனியன் வைத்தால், அடுத்த முறை பாதி லயத்துக் குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. காசு கொஞ்சம் கூடத்தான்.

பூட்டி முடிந்ததும் எல்லாப் பைப்பையும் மூடி, வால்வைத் திறந்து, எல்போவைத் துணியால் துடைத்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்துத் தடவிப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால், வெளியே தெரிகிற மரைக்கு ஒரு கை பெயின்ட் அடியுங்கள். மரை வெட்டிய இடத்தில் நாகப்பூச்சு போயிருக்கும், துரு முதலில் அங்கேதான் பிடிக்கும்.