வார்த்தைப்பாட்டுக்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

உயர்தரம் எழுதி முடித்ததும் கன்னியர் மடத்தில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். ஏழைகளுக்கு உதவ வேண்டும் என்பது நீ சொல்லும் காரணம். நல்ல காரணம்தான், ஆனால் போதாது. உதவுவதற்கு மடம் எதற்கு? சித்தாண்டியில் வெள்ளம் ஏறினாலும் கர்ப்பிணிகளைத் தேடிப் போகும் மருத்துவமாது எந்தச் சபையிலும் இல்லையே.

சகோதரிகள் கொடுப்பது வேறு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடுகள். கற்பைப் பற்றித்தான் ஊர் பேசும். எனக்கென்னவோ மற்ற இரண்டும்தான் கடினமாகப் படுகிறது. ஆசிரியையாகவோ தாதியாகவோ வேலை செய்யும் சகோதரியின் சம்பளம் சபைப் பொதுப்பணத்தில் சேரும். தம்பியின் படிப்புக்கென்று அதில் நீ எடுத்துக் கொடுக்க முடியாது. பத்து வருடம் பழகிய பிள்ளைகளை விட்டு இன்னோர் ஊருக்குப் போ என்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். சித்திர வேலாயுதர் கோயிலில் வைக்கும் நேர்த்தி ஒருநாள் நிறைவேறிவிடும். இது சாகும்வரை தீராத நேர்த்தி.

அன்னை தெரேசாவையே பார். லொரேட்டோ சபையில் ஆசிரியையாக இருந்தவர். சேரிக்குப் போ என்ற அழைப்பை 1946 செப்டெம்பரில் உணர்ந்தார். உடனே கிளம்பிவிடவில்லை. அனுமதி 1948இல்தான் வந்தது, அதுவரை காத்திருந்தார். அனுமதி கிடைத்ததும் நேரே சேரிக்கும் போகவில்லை. பாட்னாவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிக்கப் பழகினார். புண்ணைக் கழுவத் தெரியாத இரக்கம் நோயாளிக்குப் பாரம்தானே! அவருடைய சபைக்கு அங்கீகாரம் கிடைத்தது 1950இல்.

நமக்குப் பக்கத்திலும் கதை உண்டு. மதுரை மறைப்பணிக்கு வந்த பிரெஞ்சுக்காரியான பாடுகளின் மரியாள் அன்னை, 1877இல் ஊட்டியில் பிரான்சிஸ்கன் மரியின் மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். அந்தச் சகோதரிகள் கொழும்பு பெரியாஸ்பத்திரியிலும் நோயாளிகளைப் பார்த்தார்கள்.

திருச்சபையும் உன்னை அவசரப்படுத்தாது. பதினேழு வயதுக்கு முன் நவகன்னியராகச் சேர்க்கக் கூடாது. நவகன்னியர் பயிற்சி குறைந்தது ஒரு வருடம். பிறகு மூன்று வருடமாவது தற்காலிக வார்த்தைப்பாடு. இருபத்தொரு வயது ஆகாமல் நித்திய வார்த்தைப்பாடு இல்லை. தற்காலிகக் காலம் முடிந்ததும் வீடு திரும்பலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அக்கம்பக்கம் பேசும்தான், பேசட்டும்.

விடுமுறையில் ஒரு மடத்தில் சில நாள் தங்கிப் பார். செபநேரத்தை விட, சமையலறையில் சகோதரிகள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கவனி. ஏழைகளோடு கழியும் நேரத்தை விட அவர்களோடு கழியும் நேரம்தான் உனக்கு அதிகம்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்கிறாய். முதலில் அதைச் சொல். அழுவா, அழட்டும். நான் அடுத்த கிழமை வந்து அவவோடு கதைக்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா