முழு வானப் படத்திற்கு எத்தனை புகைப்படங்கள் வேண்டும்?

வானக் கோளத்தின் முழுப் பரப்பு 41,253 சதுர பாகை. 36 × 24 மில்லிமீட்டர் படப்பரப்பும் 50 மில்லிமீட்டர் லென்சும் உடைய காமிரா ஒரு தடவையில் ஏறத்தாழ 40 பாகை அகலமும் 27 பாகை உயரமும், அதாவது 1,080 சதுர பாகை, பதிவு செய்யும். வகுத்துப் பார்த்து, 39 படங்கள் போதுமெனக் கிளம்புவோர் ஏமாறுவர். விடுபட்ட இடத்தை நிரப்ப அடுத்த அமாவாசை வரை காத்திருக்க நேரும். கோளத்தின்மீது நீள்சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்று படாமலும் இடைவெளியின்றியும் பரப்ப இயலாது. பந்தின்மேல் அஞ்சல் தலைகளை ஒட்டச் செய்தால் மாணவர் இதனை உடனே உணர்வர். அன்றியும், படங்களை இணைப்பதற்கு விளிம்புகளில் பொதுவான விண்மீன்கள் அமைதல் வேண்டும்.

ஆகவே வரிசை வரிசையாகக் கணக்கிடுக. வரிசைகளுக்கிடையே 20 பாகையும், ஒரே வரிசையில் அடுத்தடுத்த படங்களுக்கிடையே 30 பாகையும் கொள்வோம். வான நடுக்கோட்டில் சுற்று 360 பாகை, படங்கள் 12. அதிலிருந்து விலகுந்தோறும் சுற்று, விலக்கக் கோணத்தின் கோசைன் அளவிற்குக் குறுகும். 20, 40, 60, 80 பாகைகளில் முறையே 12, 10, 6, 3 படங்கள் (பின்னம் வரின் அடுத்த முழு எண்ணே கொள்ளத்தக்கது). வடக்கும் தெற்கும் சேர்ந்து 62, நடுக்கோட்டுடன் 74.

ஆக்செல் மெலிஞ்சர் 2009-இல் வெளியிட்ட முழு வானப் படத்தில், இதே அளவுள்ள 70 புலங்கள் இருந்தன. ஒவ்வொரு புலத்தையும் பன்முறை எடுத்தமையால் படங்கள் சுமார் 3,000 ஆயின. ஓரிடத்திலிருந்து வானம் முழுவதும் நன்கு புலப்படாதாகையால், அவை தென்னாப்பிரிக்காவிலும், அமெரிக்காவின் டெக்சாஸ், மிச்சிகன் மாநிலங்களிலும் எடுக்கப்பட்டன.