கட்டுரை அனுப்பும் முன்: ஆய்வு மாணவர்களுக்குச் சில சொற்கள்

மக்களே, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியோ இந்துக் கல்லூரியோ, முனைவர் பட்டத்துக்குப் பதிந்த கொஞ்ச நாளில் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்துவிடும்: பன்னாட்டு ஆய்விதழ், ஒரே வாரத்தில் பிரசுரம், பணத்தை ஜிபே பண்ணலாம். அதற்குப் பதில் போடும் முன் இதைக் கேளுங்கள்.

1. பட்டியலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2017இல் ஆய்விதழ்களுக்கு ஒப்புதல் பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. அதன் பிறகு வந்த ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் நின்றுபோனது. இப்போது தரம் பார்ப்பது உங்கள் கல்லூரியின் பொறுப்பு, உங்கள் பொறுப்பு.

2. இதழுக்குத் தரும் ஐஎஸ்எஸ்என் எண் தரச்சான்று அல்ல. வண்டிக்கு நம்பர் பிளேட் இருந்தால் பிரேக் பிடிக்கும் என்று அர்த்தமா? நூலுக்குத் தரும் ஐஎஸ்பிஎன்னும் அப்படித்தான். ‘குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்’ என்ற போலி அளவீட்டைக் காட்டிப் பெருமையடிக்கும் இதழை அங்கேயே விட்டுவிடுங்கள்.

3. கட்டுரையை யாராவது வாசித்தார்களா என்று பாருங்கள். 2013இல் ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர் வேண்டுமென்றே பிழை வைத்த ஒரு பொய்க் கட்டுரையை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. திருத்தம் எதுவும் கேட்காமல் ஏற்பு வந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

4. கருத்தரங்கத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் பத்து நிமிடம் பேசினால் அது ‘பன்னாட்டு’க் கருத்தரங்கம். நூற்றுக்கணக்கில் கட்டுரைகள், ஆளுக்கு ஐந்து நிமிடம், வராதவருக்கும் சான்றிதழ், தலையணை போல ஒரு தொகுப்பு நூல். அதைப் பிறகு யாரும் புரட்டுவதில்லை, எழுதியவர் உட்பட. இதற்கு நடத்துபவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். சான்றிதழை எண்ணி மதிப்பெண் போடுகிறவர்களுக்கும் பங்குண்டு. வெளிநாட்டுக் கருத்தரங்கம் என்றாலும் விசாரியுங்கள். ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் நிறுவனம், சம்மதிக்காத அறிஞர்களின் பெயரைப் போட்டுக் கருத்தரங்கங்களுக்கு ஆள் சேர்த்தது என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2016இல் வழக்குப் போட்டது. 2019இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பானது.

5. ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு அவருடைய கல்லூரி முகவரியிலேயே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் உண்டு.

6. நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறார்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்பதை ஸ்கோபஸ் தளத்தில் பாருங்கள், இதழின் தளத்தில் அல்ல.

7. ஏமாந்தது தெரிந்தால் மேற்கொண்டு பணம் கட்டாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறவும் காசு கேட்பார்கள். வழிகாட்டியிடம் மறைக்க வேண்டாம்.

8. அவசரப்படாதீர்கள். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியாகியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 நவம்பரில் எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழக விதி என்ன என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிலைப்பது எழுத்துதான், பட்டம் அல்ல. தேரூர்க் கவிஞர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளைக்கு முனைவர் பட்டம் இல்லை. சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை பற்றி அவர் எழுதியதை வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்து வாதிடுகிறார்கள். ஆகவே நீங்கள் கட்டுரை அனுப்ப நினைக்கும் ஆய்விதழின் கடைசி நான்கு இதழ்களையாவது முதலில் உட்கார்ந்து வாசியுங்கள்.