டெங்கு: நம் இரத்தம் சொல்லும் செய்தி



டெங்குக் காய்ச்சலைப் பற்றிப் பேச்செடுத்தால், "எனக்கு அது வந்ததே இல்லை" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். "நாங்கள் அந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பிள்ளைகளைத்தான் கவனிக்க வேண்டும்" என்றும் சொல்வார்கள். விடுமுறைக்கு ஊர் போகும் குடும்பங்கள் பல இருப்பதால், இந்த நம்பிக்கை சரிதானா என்று இம்முறை பார்ப்போம்.

சென்னையில் கண்டது

2011ஆம் ஆண்டு சென்னையில் 50 இடங்களில், 5 முதல் 40 வயது வரையுள்ள சுமார் ஆயிரம் பேரின் இரத்தத்தை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். இவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நோயாளிகள் அல்லர்; வீடுகளில் இருந்த சாதாரண மக்கள். டெங்குக் கிருமி உடலில் புகுந்தால் அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், பல ஆண்டுகள் இரத்தத்தில் தங்கியிருக்கும். அந்த அடையாளம் 100க்கு 93 பேரிடம் இருந்தது. ஆனால் தமக்கு டெங்கு வந்ததாகச் சொன்னவர்கள் 100க்கு ஒருவர்கூட இல்லை!

காரணம் எளிது. பெரும்பாலோருக்கு டெங்கு எந்த அறிகுறியும் காட்டாமல் போகிறது. அல்லது சாதாரணக் காய்ச்சல் போல வந்து மறைகிறது.

வந்து போனால் நல்லதுதானே?

அப்படியில்லை. டெங்குக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்ட காலப் பாதுகாப்பு. பிறகு வேறொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் அபாயம் கூடுகிறது. ஆகவே டெங்கு பரவும் ஊரில் வளர்ந்த தாய் தந்தையர் "எங்களுக்கு ஒன்றும் ஆகாது" என்று இருப்பது தவறு. பிள்ளைகளுக்குப் பூசும் கொசு மருந்தைத் தாமும் பூசிக்கொள்ள வேண்டும்.

யாருக்கு அபாயம் அதிகம்?

1999இல் அமெரிக்காவின் லரேடோ நகரிலும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மெக்சிகோவின் நுவேவோ லரேடோவிலும் மக்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அண்மையில் தொற்று கண்டவர்கள் மெக்சிகோப் பக்கம் 100க்கு 16 பேர். அமெரிக்கப் பக்கம் ஒருவருக்குச் சற்று அதிகம். ஆனால் கொசு அதிகம் இருந்தது அமெரிக்கப் பக்கத்தில்தான்! அங்கே வீடுகள் மூடியும் ஏ.சி. போட்டும் இருந்தன. ஆகவே கொசுவின் எண்ணிக்கை மட்டும் முக்கியமல்ல, அது மனிதரைத் தொட முடிகிறதா என்பதும் முக்கியம்.

இந்தக் கொசு (ஈழத்தில் நுளம்பு) பகலில் கடிப்பது. காலையிலும் மாலை மங்குமுன்னும் அதிகம் கடிக்கும். இரவு வலை மட்டும் போதாது. பூச்சட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத தொட்டி ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரில் இது முட்டையிடும். இலங்கையில் 2017இல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு எனப் பதிவாயினர். 400 பேருக்கு மேல் இறந்தனர். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மழைக்காலம், நம் ஆண்டிறுதி விடுமுறையை ஒட்டியே வருகிறது.

காய்ச்சல் வந்தால் எந்தச் சோதனை?

1. முதல் ஐந்து நாட்கள்: கிருமியின் புரதத்தையே காட்டும் என்.எஸ்.1 சோதனை.

2. ஐந்தாம் நாளுக்குப் பின்: புதிய தொற்றைக் காட்டும் ஐ.ஜி.எம். சோதனை. இதை முதல் நாளே செய்துவிட்டு "இல்லை" என்று வந்ததும் நிம்மதியடையக் கூடாது.

3. ஐ.ஜி.ஜி. சோதனை: முன்பு எப்போதோ வந்து போனதைக் காட்ட உதவும். சென்னையில் தேடியது இத்தகைய அடையாளத்தையே.

இவற்றுடன் இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் டாக்டர் பார்ப்பார்.

மறக்கக் கூடாதவை

ஊரிலிருந்து திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த ஊருக்குப் போனோம், எப்போது திரும்பினோம் என்பதை டாக்டரிடம் நாமே முதலில் சொல்ல வேண்டும். இந்நோயை அதிகம் பார்த்திராத டாக்டருக்கு அது உடனே நினைவுக்கு வராமல் போகலாம். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது. அவை இரத்தக் கசிவை அதிகமாக்கும்.

காய்ச்சல் இறங்கும் நாளே கவனமாக இருக்க வேண்டிய நாள். கடும் வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு கண்டால், "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே" என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

ஊர் போகும் குடும்பங்கள் அனைவரும் நலமாகப் போய், நலமாகத் திரும்ப வேண்டுகிறோம்.