பத்திரத்தில் எழுதினால் விவாகரத்தா?

கேள்வி: கல்யாணமாகி இரண்டு வருஷம். இருவரும் பேசிப் பிரிய முடிவெடுத்துவிட்டோம். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார் மாமா. சரியா?
– வாசகி, மதுரை

பதில்: போதாதம்மா. அதை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணமே செல்லாது. குற்ற வழக்கும் பாயலாம்.

இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி இருவரும் சேர்ந்து குடும்பநல நீதிமன்றத்தில் மனு போடுங்கள். அதற்கு முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லியிருக்கிறது. மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடி இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்த 6 மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம். இது 2017 தீர்ப்பு.

தீர்ப்புக்கு முன் உங்கள் கணவர் மனம் மாறினால் இந்த வழி அடைபடும். பிறகு கொடுமை, 2 ஆண்டு கைவிட்டுப் போனது போன்ற காரணங்களை நிரூபித்துத் தனியாக வழக்காட வேண்டும். இழுத்தடிக்கும்.

நகை எத்தனை பவுன், சீர்ப் பாத்திரம், ஜீவனாம்சம் எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள். “அப்புறம் தர்றேன்” என்ற வாய்ப்பேச்சு வேண்டாம்.