இழைய வளர்ப்பு: நாற்றின் துண்டிலிருந்து முழுத்தாவரம்

வினா: வவுணதீவு விவசாயி ஒருவர் நன்கு காய்த்த கலப்பினக் கத்தரிச் செடியின் வித்தை முளைக்கவைத்து, அந்நாற்றின் இழையத்திலிருந்து பல கன்றுகளைப் பெற விரும்புகிறார்.
(அ) முறையை விளக்குக.
(ஆ) கன்றுகள் தாய்ச்செடியை ஒத்திருக்குமா?

விடை:
(அ)
1. வித்தின் மேற்பரப்பைக் கிருமியழித்து, கிருமியற்ற ஊடகத்தில் முளைக்கவிடல்.
2. நாற்றின் வித்திலைத் துண்டை ஏகர், சுக்குரோசு, கனியுப்புகள், ஓமோன்கள் கொண்ட ஊடகத்தில் வளர்த்தல். ஒட்சினை விடச் சைற்றோகைனின் விகிதம் கூடினால் அரும்பும், ஒட்சின் விகிதம் கூடினால் வேரும் தோன்றும். ஸ்கூக், மில்லர் இருவரும் 1957 இல் புகையிலை இழையத்தில் இதைக் காட்டினர்.
3. கன்றுகளை வெளிச்சூழலுக்குப் படிப்படியாகப் பழக்கல்.

(ஆ) அப்படியே ஒத்திருக்கும் எனக் கூறமுடியாது. இழைய வளர்ப்பு இலிங்கமில் முறை. ஆனால் வித்து இலிங்கமுறையில் உருவானது. கன்றுகள் பொதுவாக நாற்றையே ஒத்திருக்கும்.

கவனிக்க: தாய்ச்செடியை ஒத்த கன்றுகள் வேண்டுமாயின் தாய்ச்செடியின் இழையத்தையே எடுக்க வேண்டும். இக்காரணத்தையும் உங்கள் விடையில் எழுதுங்கள்.