இறைப்பு இயந்திரத்தில் கரி நீக்குதல்

பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வடக்கில் கார், மோட்டார் சைக்கிள்கூட மண்ணெண்ணெயில் ஓடின; கரியும் அளவுக்கு மிஞ்சிப் பிடித்தது. இடம்பெயரும்போது சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த இறைப்பு இயந்திரத்துக்கும் அதே நோய்தான். இழுவை குறையும், புகை கறுக்கும், பிளக் அடிக்கடி அடைக்கும். நாலு குடும்பத்து மிளகாய்க் கன்று அந்த ஒன்றையே நம்பி நிற்கும்.

இயந்திரம் நன்றாக ஆறிய பின்பே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுங்கள். சுரையாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் ஹெட் வளைந்துவிடும். பூட்டும்போதும் அப்படியே. வால்வு இரண்டும் மூடியிருக்க, பிஸ்ரனை உச்சிக்குக் கொண்டுவந்து ஓரத்தைச் சுற்றிக் கிறீஸ் பூசுங்கள். உதிரும் கரி உள்ளே இறங்காது. கரியில் மண்ணெண்ணெய் தடவி இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் சிரட்டைத் துண்டால் சுரண்டுங்கள். கத்தி வேண்டாம். பிஸ்ரன் அலுமினியம், கீறல் விழுந்த இடத்தில் கரி மறுபடி இறுகப் பிடிக்கும். பின்பு கிறீஸையும் கரியையும் துணியால் துடைத்தெடுங்கள். விளக்கு, அடுப்பு அருகில் இருக்கக்கூடாது. காஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள்.

கரி சேர்வதற்குப் பெரும்பாலும் நமது அவசரமே காரணம். பெற்றோலில் தொடக்கி, இயந்திரம் சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். நிறுத்துமுன் சற்று நேரம் பெற்றோலில் ஓடவிட்டால் மறுநாளும் இலகுவில் தொடங்கும்.